கண்புரை: மூலிகைச் சாறா, அறுவை சிகிச்சையா?

அம்மாவுக்குப் புரை என்றதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம் என்பார் ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பார் இன்னொருவர்.

பலன்:
மூலிகை – புரையைக் கரைத்ததாக நிரூபணமான மூலிகை எதுவும் இல்லை. கண்வில்லையின் புரதம், வெந்த முட்டை வெள்ளைக்கரு போல, கலங்கிவிடுகிறது. சாறு விட்டு அதைத் தெளிய வைக்க முடியாது.
அறுவை – கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

செலவு:
மூலிகை – கொல்லையிலேயே கிடைக்கும்.
அறுவை – அரசு மருத்துவமனைகளில் இலவசம். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலும் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை உண்டு. ஆகவே பணத்துக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

ஆபத்து:
மூலிகை – இதுதான் எனக்குப் பெரிய கவலை. கையால் பிழிந்த சாறு, தேன், தாய்ப்பால் எதிலும் கிருமி இருக்கலாம். கருவிழியில் புண் வந்தால் தழும்பு தங்கி, பார்வை நிரந்தரமாகப் போகலாம்.
அறுவை – தொற்று வரலாம், ஆனால் அரிது. சிலருக்குப் பின்னாளில் வில்லைக்குப் பின்னுள்ள சவ்வு மங்கும், லேசரில் சரிசெய்வார்கள்.

ஆரம்பப் புரை, அன்றாட வேலைக்குத் தடையில்லை என்றால் கண்ணாடி மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். பொன்னாங்கண்ணியைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். கண்ணில் மட்டும் விடாதீர்கள். படியிறங்கவே தடுமாறுகிறார் என்றால் அறுவைதான் வழி.