அடிபட்டு வந்த கப்பல்காரங்களே, "கிளைம் வாங்கித் தர்றோம்"னு சொல்றவங்ககிட்ட உஷார்! எனக்கு 85,000 போச்சு

இடது கைக் கட்டைவிரலால தட்டித் தட்டி எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும். 85,000 ரூபாய்ங்க. அதுவும் கை ஒடிஞ்சு வீட்ல கிடக்கிறவன்கிட்ட.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பல்ல ஏபி, அதாவது டெக்ல வேலை பாக்குற மாலுமி. மார்ச் மாசம் கப்பலைக் கட்டும்போது மூரிங் கயிறு அறுந்து வலது முன்கையில அடிச்சுது. ரெண்டு எலும்பும் போச்சு. பிளேட் வெச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்புற மேனிங் ஏஜென்ட் ஆபீஸ்ல "ரிப்போர்ட் வரட்டும்"னு ரெண்டு மாசம் இழுத்தாங்க. அப்பதான் போன்ல அந்த விளம்பரம் வந்துச்சு. கடல் விபத்துக்கு நஷ்ட ஈடு வாங்கித் தர்ற ஒரு கன்சல்டன்சி. பேர் இப்போதைக்கு வேண்டாம்.

நேர்ல போனேன். அங்க இருந்த ஆளு என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஸ்க்ரூவை விரல் வெச்சு ஒவ்வொண்ணா எண்ணினான். "ஏழு இருக்குண்ணே. கயிறு விஞ்ச் பக்கம் அறுந்துச்சா, ஃபேர்லீட் பக்கமா?"ன்னு கேட்டான். ஏஜென்ட் ஆபீஸ்ல ஒருத்தன் கூட இதைக் கேக்கல. நான் விழுந்தது அந்தக் கேள்வியிலதான்.

ஃபைல் திறக்க 25,000, மெடிக்கல் அசெஸ்மென்ட் 20,000, வெளிநாட்டு வக்கீலுக்கு 40,000. வீட்டுக்காரி வளையலை அடகு வெச்சு ஜிபேல போட்டேன். கையெழுத்துப் போட முடியாதேன்னு ரெண்டு வெற்றுத் தாள்ல இடது பெருவிரல் ரேகை வேற வாங்கினான்.

அப்புறம் "சார் மும்பைல இருக்கார்". "கப்பல் இன்சூரன்ஸ் கிளப்புக்கு மெயில் போயிருக்குண்ணே". "இந்த வாரம் லீவு". கடைசில ப்ளூ டிக் மட்டும்தான். நேர்ல போனா, ரசீதைக் காட்டி "இது ஆலோசனைக் கட்டணம் சார், திரும்பக் கிடையாது"ங்கிறாங்க. 85,000 ரூபாய்க்கு ஆலோசனை!

அதே கப்பல்ல இருந்த போசன்கிட்ட, அதான் டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி மாதிரி, அவர்கிட்ட அழுதேன். "ஏலே, மெஸ் ரூம் போர்டுல சர்டிஃபிகேட் ஒட்டியிருந்துச்சே, பாக்கலையால?"ன்னு திட்டினார். ஒன்பது மாசம் அதுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சிருக்கேன். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015ல ஏத்துக்கிச்சு. 2017ல இருந்து, காயத்துக்கும் சாவுக்கும் காசு கொடுக்கப்போற இன்சூரன்ஸ்காரன் யாருன்னு கப்பல்ல ஒட்டியே ஆகணுமாம். ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகையை அவங்ககிட்ட நாமளே நேரடியா கேக்கலாம். அதைக் குறைச்சு வாங்கிக்கச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது. வைத்தியச் செலவும் கப்பல் முதலாளி பொறுப்பு. ஊருக்கு வந்தப்புறமும் குணமாகுற வரைக்கும் சம்பளம் உண்டு, முழுசாவோ ஒரு பங்கோ. அதுக்கு வரம்பு வெச்சாலும் அடிபட்ட நாள்ல இருந்து 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. எனக்கு ஒரு வாரம் கூட வரல, நானும் கேக்கல.

என்ன செய்யணும்னு விவரமா எழுத நினைச்சேன், கை வலிக்குது. சுருக்கமா: அந்த சர்டிஃபிகேட்டை ஏறின அன்னைக்கே போட்டோ எடுங்க. ஆக்சிடென்ட் ரிப்போர்ட் காப்பி இல்லாம இறங்காதீங்க. முதல்ல யூனியன்ல கேளுங்க. சிடிசி (கப்பல்காரங்க அடையாளப் புத்தகம்) ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. முன்பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க.

சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். 85,000 திரும்புமோ என்னமோ. அந்த ரெண்டு தாள்ல என்னத்தை எழுதி வெச்சிருக்கானோ, அதை நெனச்சாத்தான் தூக்கம் வரல.