டெண்டர் விடுகிறவர்களுக்கு ஜெப்னிக் எப்படி?

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம் ஓடுவது தேசிய தகவலியல் மையத்தின் ஜெப்னிக் மென்பொருளில். ஒப்பந்ததாரர் பக்கமிருந்து இதைப் பற்றிச் சொல்லப்பட்டது நிறைய. ஆவணம் தயாரித்து ஏற்றும் அலுவலகத்துக்கு இது எவ்வளவு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. விலையைக் காக்கும் பூட்டுக்கு ஐந்தில் நான்கரை, ஆவணத் தயாரிப்புக்கு இரண்டு.

பூட்டில் குறை சொல்ல அதிகமில்லை. விலைப்புள்ளி ஒப்பந்ததாரரின் கணினியிலேயே, திறப்பாளர்களின் (டெண்டரைத் திறக்க நியமிக்கப்பட்ட அலுவலர்களின்) டிஜிட்டல் கையொப்பச் சாவிக்கு ஏற்பப் பூட்டப்பட்டுத்தான் மேலே ஏறுகிறது. திறக்கும் நேரம் வருமுன் உள்ளே எட்டிப்பார்க்க வழியில்லை. ஆனால் அதே சாவி இல்லாவிட்டால் உங்களுக்கும் வழியில்லை. ஆகவே திறப்பாளர்களாக நான்கு பேரைச் சேர்த்து, அவர்களில் எவரேனும் இருவர் போதும் என்று வையுங்கள். இரண்டு பேரை மட்டும் போட்டுவிட்டு, ஒருவர் மாறுதலில் போனாலோ சாவி இருக்கும் யுஎஸ்பி டோக்கனைத் தொலைத்தாலோ டெண்டர் அந்தரத்தில் நிற்கும். கையொப்பத்தைப் புதுப்பித்த கையோடு பழைய சாவியை அழிப்பதும் இதே வம்புதான்.

அடுத்தது பிஓக்யூ எனும் எக்செல் தாள், அதாவது ஒப்பந்ததாரர் விலையை நிரப்பும் உருப்படிப் பட்டியல். மொத்த மதிப்பீட்டுக்குக் கூடுதல் அல்லது குறைவு சதவீதம் கேட்பதா, ஒவ்வொரு உருப்படிக்கும் விலை கேட்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மேசை, கணினி, ஜெனரேட்டர் மூன்றையும் ஒரே தாளில் போட்டு மொத்தத்துக்கு எல்1 (மிகக் குறைந்த விலை தந்தவர்) யார் என்று பார்த்தால், மூன்றையும் தரக்கூடிய இடைத்தரகர் மட்டுமே மிஞ்சுவார். விலையில் ஜிஎஸ்டி சேருமா சேராதா என்பதையும் தாளிலேயே எழுதுங்கள். ஒப்பீட்டு அட்டவணையைத் தளம் தானாகப் போட்டுவிடும், யார் வரியைச் சேர்த்தார் என்று அது கேட்காது. வெளியிட்டபின் தாளை மாற்றத் திருத்த அறிவிப்பு வேண்டும். அதற்குள் விலைப்புள்ளி கொடுத்தவர்கள் புதிய தாளில் மறுபடி கொடுக்க வேண்டும்.

பெரிய குறை தகுதி நிபந்தனையில்தான். நீங்கள் ஏற்றும் பிடிஎப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது தளத்துக்குத் தெரியாது. கட்டடப் பணிக்கு மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் சொன்ன அளவுகோல் நல்ல தொடக்கம்: மூன்று ஆண்டு சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம், கடந்த 7 ஆண்டுகளில் முடித்த அதே வகைப் பணிகள் 40 சதவீதத்தில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. 1 கோடி ரூபாய் பள்ளிக்கட்டடம் என்றால் விற்றுமுதல் 30 லட்சம், ஒரே பணியானால் 80 லட்சம். எண்ணைவிட வம்பு தருவது “அதே வகைப் பணி” என்ற சொல். “கான்கிரீட் சட்டகக் கட்டடம், தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமாவது” என்று எழுதாமல் விட்டால், சுற்றுச்சுவர் கட்டியவரும் சாலை போட்டவரும் சான்றிதழோடு வருவார்கள். எதிர்ப்பக்கம் போய், “இதே மாவட்டத்தில் பள்ளி கட்டியவர்” என்று இறுக்கினால் யாருக்காக எழுதினீர்கள் என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் எந்த ஆவணம் சான்று என்று குறிக்க ஒரு கட்டாயப் பட்டியலைத் தளம் தரலாமே! இப்போதைக்கு அதை நீங்களே ஒரு பக்க அட்டவணையாக இணைக்க வேண்டியதுதான்.

கால அவகாசத்தைத் தளத்தில் தேதியாக நிரப்பும் முன் மாநில விதிகளைப் பாருங்கள்: 2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

தொழில்நுட்ப மதிப்பீட்டில் நிராகரிப்புக் காரணம் எழுதும் இடத்தில் “தகுதியில்லை” என்று மட்டும் போடாதீர்கள். “பிரிவு 4.2: கோரியது 80 லட்சம், சான்றிதழில் 62 லட்சம்” என்று எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு மாநில டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தருவது 10 நாள். கோப்பைத் தேடிக் காரணம் கண்டுபிடிக்க அப்போது நேரமிருக்காது.