கொப்பியா, தளமா, புளொக்செயினா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு மாலைகளில் கைபேசிக் கால்பந்து லீக் நடக்கிறது. பதினாறு இளைஞர்கள், ஒரு சீ.ஆர். கொப்பி. பரிசுப்பணத்தின் பெரும்பங்கு ரொறன்ரோவில் இருக்கும் ஊர்க்காரர்களிடமிருந்து வருகிறது. சென்ற முறை வென்றவனுக்குப் பணம் கிடைக்க மூன்று மாதம் ஆனது. யாரும் திருடவில்லை, பொருளாளர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய்விட்டார். பணம் அனுப்பிய அண்ணர் பொறுமையிழந்து, “இனிப் புளொக்செயினில் நடத்துங்கள்” என்று எழுதினார். பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், பதிந்ததைப் பிறகு மாற்ற முடியாத சங்கிலிப் பதிவேடு அது. அதனால் கொப்பி, இணையத் தளம், புளொக்செயின் என்ற மூன்று வழிகளையும் உட்கார்ந்து பார்த்தேன்.

கொப்பிக்குச் செலவில்லை, எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். ஆனால் 2 என்பதை 3 ஆக்க ஒரு பேனை போதும்.

சலோஞ் போன்ற இணையத் தளங்கள் சுற்று அட்டவணையை நொடியில் போட்டுத் தருகின்றன. எங்கள் சண்டைகளில் பாதி அட்டவணைச் சண்டை என்பதால் இது பெரிய உதவி. காசு விவகாரம் மட்டும் அப்படியே கிடக்கும்.

காசில்தான் புளொக்செயின் உண்மையிலேயே கெட்டிக்காரன். பரிசுத்தொகையை ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்தில், அதாவது நிபந்தனை நிறைவேறியதும் தானே இயங்கும் நிரலில், பூட்டிவிடலாம். நடுவர் மூவரில் இருவர் ஒப்பமிட்டதும் வென்றவனுக்கு அது தானாகப் போய்ச் சேரும். ரொறன்ரோவில் இருந்தபடியே அண்ணர் பார்த்துக்கொண்டிருக்கலாம். மின்சாரத்தை விழுங்குகிறது என்ற பழைய குற்றச்சாட்டும் எதீரியம் என்ற புளொக்செயினுக்கு இனிப் பொருந்தாது. 2022 செப்டெம்பரில் பதிவுகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியதும் அதன் மின் நுகர்வு 99 வீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

ஆனால் எண்பதாவது நிமிடத்தில் கரண்ட் போய், வைஃபை அறுந்து, ஆட்டம் நின்றால்? தோற்கப்போகிறவன் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்தானா என்பது சங்கிலிக்குத் தெரியாது. யாரோ ஒருவர் சொல்வதைத்தான் அது பதிந்துகொள்ளும். பொய்யைச் சொன்னால் பொய்யும் அழியாமல் நிற்கும்.

சாவி, அதாவது ஒப்பமிடப் பயன்படும் இரகசியக் குறியீடு, இன்னொரு தொல்லை. அக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரொனின் சங்கிலியை ஒன்பது சரிபார்ப்பாளர்கள் காத்தார்கள். 2022 மார்ச்சில் அவர்களில் ஐவரின் சாவிகள் திருடர் கைக்குப் போக, 60 கோடி டொலருக்கு மேல் பறிபோனது. எங்கள் மூவரில் இருவர் என்ற ஏற்பாடும் அதே வகைதான். இங்கே திருடன்கூடத் தேவையில்லை. பிரதி எடுத்து வைக்காத சாவிகளோடு இரண்டு கைபேசிகள் கிணற்றில் விழுந்தால் பரிசுப்பணத்துக்கு நிரந்தரப் பூட்டு.

எல்லாம் சரியாக நடந்தாலும் வென்றவனுக்குக் கிடைப்பது மெய்நிகர் நாணயம், வேண்டியதோ ரூபாய். மெய்நிகர் நாணயங்கள் குறித்து இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. பதினேழு வயதுப் பையனை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

வடக்கின் பெரும் போரை நினைத்துக்கொண்டேன். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் மோதல் அது. கிரிக்கெட்டில் புள்ளி எழுத இருவர் அமர்வார்கள், அவ்வப்போது இரு புத்தகங்களையும் ஒத்துப் பார்ப்பார்கள். பல கணினிகள் ஒரே பேரேட்டை வைத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆகவே என் தெரிவு கலப்பு. அட்டவணைக்குத் தளம். புள்ளிகளுக்கு இரண்டு கொப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு கையில். ஞாயிறு இரவு கொப்பிப் பக்கத்தின் படத்துக்கு எஸ்எச்ஏ-256 என்ற கணித முறையில் கைரேகை எடுத்து, வரும் 64 குறிகளை வட்ஸ்அப் குழுவில் போடுவோம். அந்தப் படத்தில் பிறகு ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை வேறாகிவிடும். ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற சேவை மூலம் அதைப் பிட்கொயின் சங்கிலியில் இலவசமாகவே திகதியிட்டும் வைக்கலாம். நாணயம் எதுவும் வாங்கத் தேவையில்லை. காசுக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு.

அண்ணருக்கு எழுதிவிட்டேன். “கொழும்புக்குப் போகாத ஆளாகப் பார்த்துப் பொருளாளராக்குங்கள்” என்று பதில் வந்திருக்கிறது.