கென்யா சுற்றுலா: பூமத்திய ரேகைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோவையில் ஒரு சுற்றுலா நிறுவனம் கோடை விடுமுறைக்குக் கென்யாவுக்கு அழைத்துச் செல்கிறது. நாங்கள் குடும்பத்தோடு அதில் போய் வந்தோம். கோபி, பொள்ளாச்சிப் பக்கம் இப்போது பலர் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விலங்குகளைப் பார்க்கும் பயணத்துக்கான தொகையோடு, "பூமத்திய ரேகை அறிவியல் நிகழ்ச்சி, சான்றிதழுடன்" என்று தலைக்கு 4,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். தண்ணீர் திசை மாறிச் சுழலும், உடல் எடை குறையும், நண்பகலில் நிழல் மறையும் என்று துண்டுப்பிரசுரத்தில் வண்ணப்படங்களோடு போட்டிருந்தது.

நைரோபிக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில், கென்யா மலையின் அடிவாரத்தில் நன்யூகி என்ற ஊர். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பூமத்திய ரேகையைக் குறிக்கும் ஒரு பலகை நிற்கிறது. வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது. யாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். சுற்றிலும் மரச்சிற்பக் கடைகள். அடியில் துளையிட்ட கிண்ணமும் ஒரு குடுவையுமாக வந்தவர் தன் கூலியைக் கேட்டார். கோவையிலேயே கட்டிவிட்டோம் என்றோம். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. எங்கள் நிறுவனத்தின் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. உடன் வந்த வழிகாட்டி அதற்குள் கைபேசியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய்விட்டார். ஆகவே காட்சிக்கு ஒரு முறை, சான்றிதழுக்கு ஒரு முறை மீண்டும் பணம் கொடுத்தோம்.

காட்சி இதுதான். பலகைக்கு வடக்கே இருபது தப்படி நடந்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தீக்குச்சியை மிதக்கவிட்டார். குச்சி வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போல, சுற்றியது. தெற்கே போனதும் இடஞ்சுழி. நடுக்கோட்டில் சுழலாமல் நேராக இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆயுள் முழுக்க மஞ்சள் காட்டுக்கு வாய்க்கால் திருப்பிய என் மாமனார் மட்டும் தட்டவில்லை. "அம்மணி, தண்ணீரைப் பார்க்காதே, அந்த ஆள் கையைப் பார்" என்றார். பார்த்தேன். வடக்கே கிண்ணத்தின் ஒரு ஓரமாகவும் தெற்கே மறு ஓரமாகவும் ஊற்றினார். நடுவில் மட்டும் நேர் மையத்தில் ஊற்றி, அலை அடங்கும்வரை காத்திருந்தார்.

பூமியின் சுழற்சி நீரைத் திருப்புவது உண்மைதான். ஆனால் நாளுக்கு ஒரே சுற்று சுற்றும் பூமி, ஒரு நிமிடத்துக்குள் வடியும் கிண்ணத்தில், அதுவும் கோட்டிலிருந்து இருபது தப்படித் தூரத்தில், எதையும் செய்ய முடியாது. 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஆஷர் ஷாபிரோ என்ற பேராசிரியர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்து, சிறு துளை வழியாக மெல்ல வடித்த பிறகே அந்தச் சுழற்சியைக் காட்ட முடிந்தது. அங்கே அது இடஞ்சுழி. ஐப்பசி, கார்த்திகையில் தொலைக்காட்சியில் காட்டும் வங்கக்கடல் புயலும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுகிறது. இரண்டுமே ரேகைக்கு வடக்கே இருப்பவை. நன்யூகிக் கிண்ணம் வடக்கே வலஞ்சுழியாகச் சுற்றியது. வித்தை என்றாலும் திசையையாவது சரியாகக் காட்டியிருக்கலாம்! அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் நின்று சிரிக்க வைத்தார், கேட்ட கூலியும் குறைவு. அதை அறிவியல் என்று அச்சடித்துக் கோவையில் விற்றவர்கள் மேல்தான் கோபம்.

நிழல் விஷயம் இன்னும் மோசம். பூமத்திய ரேகையில் நண்பகல் நிழல் காலடியில் மறைவது மார்ச் 20, செப்டம்பர் 22-23 தேதிகளை ஒட்டித்தான். நாங்கள் போனது மே மாத நடுவில். மேகம் சற்று விலகியபோது என் நிழல் தெற்கே ஏறக்குறைய இரண்டடிக்கு நீண்டு கிடந்தது. கோவையிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் மொட்டைமாடியில் நின்றாலே நிழலில்லா நண்பகலைக் காசில்லாமல் பார்க்கலாம். மார்ச் முதல் மே வரை கென்யாவில் பெருமழைக் காலம் என்பதையும் இவர்கள் சொல்லவில்லை. எடையா? கோவையிலிருந்து ரேகைக்குப் போவதால் 60 கிலோ ஆளுக்குக் குறைவது பத்துப் பன்னிரண்டு கிராம்.

இதெல்லாம் பணத்தோடு போகட்டும். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அது செல்லும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசியும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். நாங்கள் சென்னை கிண்டி கிங் நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டோம். அதுவும் நைரோபிக்குப் பனியன் அனுப்பும் திருப்பூர் உறவினர் ஒருவர் எச்சரித்ததால். நிறுவனத்தில் கேட்டபோது, "அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை அக்கா" என்றார்கள். திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் முதலில் கேட்டதே அந்த மஞ்சள் புத்தகத்தைத்தான். அவர்கள் பேச்சை நம்பி ஊசி போடாமல் வந்த ஒரு தம்பதியை எங்கள் கண்ணெதிரே தனியே அழைத்துச் சென்றார்கள். இலவசப் பலகைக்கு 4,500 வாங்கத் தெரிந்தவர்களுக்கு, கட்டாய ஊசியைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருகிறார்களாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எங்களோடு வேனில் வந்த குடும்பங்கள் இதைப் பார்த்தால், ரசீதையும் அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். சேர்ந்தே மனுப் போடலாம்.