குறைந்த கட்டண வலைப்பதிவுத் திட்டங்களில் பெர்மாலிங்க்: பணம் கொடுக்க வேண்டியது எதற்கு?

வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் ஒரு பதிவின் நிரந்தர முகவரி, அதாவது பெர்மாலிங்க், தளத்தின் பெயரில் தொடங்கி /2024/05/12/ என்று ஆண்டு, மாதம், நாள் வந்து, பதிவின் பெயரைச் சொல்லும் கடைசித் துண்டான ஸ்லக்கில் முடியும். தேதியை எடுக்க வழியில்லை. பல ஆண்டுகளாக அந்த வசதி பிளகின் என்னும் கூடுதல் நிரல்களை நிறுவ அனுமதிக்கும் பிசினஸ் திட்டத்திலிருந்துதான் கிடைத்துவந்தது. கூகுளின் பிளாக்கர் முழுக்க இலவசம். அங்கே ஆண்டும் மாதமும் மட்டும் வரும், கடைசியில் எச்டிஎம்எல் என்ற வால் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் நீக்க முடியாது.

தேதி இல்லாத முகவரிக்காக மட்டும் மேல் திட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பத்து வருடம் கழித்தும் படிக்கப்படும் சமையல் குறிப்பில் தேதி கொஞ்சம் உறுத்தும், உண்மைதான். செய்திக்கும் விமர்சனத்துக்கும் அது வாசகருக்கு உதவியே செய்கிறது. தமிழில் எழுதுபவருக்கு உண்மையான சேதம் முகவரியின் கடைசித் துண்டில்தான் நடக்கிறது. அதை இரண்டு தளங்களிலும் காசில்லாமல் சரிசெய்யலாம்.

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பிட்டால் ஸ்லக்கும் தமிழிலேயே உருவாகும். பார்க்க அழகுதான். ஆனால் முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு (‘த’ என்றால் %E0%AE%A4) 9 எழுத்துக்கான இடத்தை எடுக்கும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கில் வரும். ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துக்குள் 5 குறிகள், ஆக 45 இடம். ஸ்லக்குக்கு இருப்பதோ 200 இடம். ‘திருநெல்வேலி அல்வா செய்முறை’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் சொல்லுக்கு 108, இரண்டாவதற்கு 45, நடுவில் இரண்டு கோடுகள், மொத்தம் 155. மீதமுள்ள 45 இடத்தில் 5 குறிகள்தான் நுழையும். முகவரி ‘செய்ம’ என்று பாதியில் அறுந்து நிற்கும். இதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் நான்கைந்து வரிக்குச் சதவீதக் குறிகள்தான் கொட்டும். என்ன பதிவு என்று யாருக்கும் தெரியாது.

பிளாக்கரில் வேறு விதமான கோளாறு. தலைப்பு முழுவதும் தமிழானால் அதை அப்படியே தள்ளிவிட்டு ‘ப்ளாக்-போஸ்ட்’ என்று தானே பெயர் வைத்துவிடும். அந்த மாதத்தின் அடுத்த பதிவுக்கு அதே பெயரோடு ஓர் எண் சேரும். தமிழ் வலைப்பதிவுகளில் இந்தப் பெயரில் குவிந்து கிடக்கும் நல்ல கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. தலைப்பில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் அது மட்டும் முகவரியாகிவிடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வெளியிடும் முன் ஸ்லக்கை ரோமன் எழுத்தில் நீங்களே எழுதுங்கள். மூன்று நான்கு சொற்கள் போதும், இடையில் ஹைஃபன். பிளாக்கரில் எழுதும் திரையின் வலப்பக்கம் பெர்மாலிங்க் பகுதியைத் திறந்து, தனிப்பயன் என்பதைத் தேர்ந்தெடுத்து இடுங்கள். ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். ‘எங்களைப் பற்றி’ போன்ற பக்கங்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே முதலில் ஆங்கிலத் தலைப்போடு வெளியிட்டுவிட்டு, பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள், முகவரி மாறாது.

ஏற்கெனவே வெளியான பதிவு என்றால் வேர்ட்பிரஸில் கவலையில்லை. ஸ்லக்கை மாற்றினாலும் பழையதை நினைவில் வைத்துப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். பிளாக்கர் அப்படிச் செய்யாது. பதிவை வரைவுக்குத் திருப்பி, பெர்மாலிங்கை மாற்றி, தேதி பழையபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வெளியிட வேண்டும். உடனே அமைப்புகளில், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் தனிப்பயன் ரீடைரக்ட் பகுதிக்குப் போய்ப் பழைய பாதை, புதிய பாதை இரண்டையும் சேர்த்து, நிரந்தரம் என்ற பொத்தானை இயக்குங்கள். டொமைன் பெயரைச் சேர்க்காமல் சாய்கோட்டிலிருந்து தொடங்கி இட வேண்டும். இதை மறந்தால் பழைய சுட்டியில் வருபவருக்கு ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழைதான்.

ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் நீங்களே வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவினால் முகவரி அமைப்பு முழுக்க உங்கள் கையில். அமைப்புகளில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தில் ‘போஸ்ட் நேம்’ தேர்ந்தெடுத்துச் சேமித்தால் தேதி போய்விடும். முகப்பு மட்டும் திறந்து பதிவுகளெல்லாம் 404 காட்டினால், சர்வருக்கு முகவரி விதிகளைச் சொல்லும் எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பில் அவை எழுதப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். அதே பக்கத்தை மறுபடி ஒருமுறை சேமித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அங்கே காட்டும் வரிகளைக் கோப்பில் கையால் ஒட்டுங்கள். முகவரிக்குள் பகுப்பின் பெயரைச் சேர்க்கும் ஆசை வேண்டாம், பிற்பாடு பகுப்பை மாற்றினால் முகவரியும் மாறும்.

பழைய தளத்திலிருந்து இங்கே குடிமாறுபவர்கள் ‘போஸ்ட் நேம்’ பக்கம் போகாமல் பழைய அமைப்பையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வேர்ட்பிரஸ் டாட் காமிலிருந்து வந்தால் ‘டே அண்ட் நேம்’. பிளாக்கரிலிருந்து வந்தால் தனிப்பயன் அமைப்பில் ஆண்டு, மாதம், பதிவின் பெயர் மூன்றையும் இட்டு, கடைசியில் புள்ளியோடு எச்டிஎம்எல் சேருங்கள். இறக்குமதிக்குப் பின் ஸ்லக்குகள் பழையவற்றோடு பொருந்துகின்றனவா என்று பத்துப் பதிவையாவது திறந்து பாருங்கள்.

குடிமாறும்போது இந்த வழி பலிப்பது பதிவு சொந்த டொமைனில், அதாவது நீங்களே பதிவுசெய்த தளப்பெயரில், இருந்தால்தான். பிளாக்ஸ்பாட் முகவரியில் கிடக்கும் சுட்டிகளை உங்கள் புதிய சர்வரால் பிடிக்க முடியாது. பிளாக்கர் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் கேட்பதில்லை, டொமைனுக்கான ஆண்டுக் கட்டணம் மட்டுமே செலவு. வேர்ட்பிரஸ் டாட் காமில் அதற்குக் கட்டணத் திட்டம் ஒன்று வேண்டும். அங்கே கொடுக்கும் பணம் வீணில்லை.