ரெய்டு 5 போடலாமா, ரெய்டு 10 போடலாமா?

புது சர்வர் வந்துவிட்டது, 4 டெராபைட் டிஸ்க் நான்கு இருக்கின்றன. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல இயக்கும் முறைதான் ரெய்டு; அதன் 5, 10 ஆகிய இரண்டு வகைகளிலும் ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு பிழைக்கும். இவற்றில் எந்த முறையில் அமைப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இடம்: ரெய்டு 5-இல் 12 டெராபைட் கிடைக்கும்.
ரெய்டு 10-இல் 8 தான்.

எழுதும் வேகம்: சின்ன மாற்றத்துக்கும் ரெய்டு 5 பழைய தரவையும் பாரிட்டியையும் (போன டிஸ்க்கின் தரவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) படித்து, இரண்டையும் மறுபடி எழுதும்.
ரெய்டு 10 ஒரே தரவை ஜோடியாக உள்ள இரண்டு டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

டிஸ்க் போனால்: முக்கியமான இடம் இதுதான். ரெய்டு 5-இல் புது டிஸ்க்கை நிரப்ப மீதி மூன்றையும் முழுசாகப் படிக்க வேண்டும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. ஆரஞ்சு விளக்கு மினுங்கும் டிஸ்க்கின் முன்னால் உட்கார்ந்து, 61 சதவீதம், 62 சதவீதம் என்று ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.
ரெய்டு 10-இல் ஜோடி டிஸ்க்கை மட்டும் நகலெடுத்தால் போதும். அடுத்து போவது அந்த ஜோடியாக இல்லாதவரை தரவு தப்பிக்கும்.

டேட்டாபேஸ், மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வருக்கு ரெய்டு 10, யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலும் படிக்க மட்டும் பயன்படும் கோப்புகளுக்கு ரெய்டு 5 சரி. அப்புறம், பேக்கப் தனியாக இருக்கட்டும். தவறி அழித்த கோப்பை இரண்டுமே திருப்பித் தராது.