சிங்கப்பூரில் பேடில்போர்டு: யாருக்கு எந்தத் தண்ணீர்?

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பேடில்போர்டு கத்துக்கணும், செந்தோசா போகட்டுமா?" (பலகைமேல் நின்றபடி துடுப்பு போட்டுப் போவதுதான் பேடில்போர்டு.) செந்தோசா நல்ல இடம்தான், ஆனால் முதல் நாளைக்கு நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. நான்கு வருஷமாக வார இறுதிகளில் இந்தத் தீவின் தெற்கிலும் வடகிழக்கிலும் பலகையை இறக்கிப் பார்த்துவிட்டேன். அதை வைத்து, எந்த இடம் யாருக்குச் சரிப்படும், எது சரிப்படாது என்று எழுதுகிறேன். அழகை வைத்து வரிசைப்படுத்தினால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: விழுந்தால் என்ன ஆகும், களைத்துப்போன பிறகு திரும்பி வர முடியுமா.

இரண்டாவதைத்தான் புதிதாக வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை. பலகைமேல் நிற்கும்போது நம் உடம்பே ஒரு பாய் மாதிரி காற்றை வாங்குகிறது. போகும்போது காற்று முதுகில் இருந்தால் "அட, இவ்வளவு சுலபமா" என்று தோன்றும், அரை மணியில் நல்ல தூரம் போய்விடுவீர்கள். திரும்பினால் அதே காற்று நெஞ்சில் அடிக்கும், நாலு போடு போட்டால் இரண்டு போடு பின்னால் போகும். அதனால் எந்த இடமானாலும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், காற்றோடு திரும்புங்கள். முடியவில்லை என்றால் முட்டி போட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

முதல் நாளுக்கு என் ஓட்டு மரினா நீர்த்தேக்கத்துக்கு. தஞ்சோங் ரூ பக்கம், ரூ கிராஸில் மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர்விளையாட்டு நிலையம் இருக்கிறது, அங்கிருந்து இறங்கலாம். 2008-ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு இந்த முகத்துவாரம் கடலிலிருந்து பிரிந்து நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. ஆகவே கடல் ஏறுகிற ஏற்றம் கிடையாது, வடிகிற வற்றம் கிடையாது, உங்களை இழுத்துப்போகும் நீரோட்டமும் பொதுவாகக் கிடையாது. விழுந்தால் விழுந்த இடத்திலேயே ஏறிக்கொள்ளலாம், வாயில் உப்பும் ஏறாது. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி கிடக்கும், எதிரே கார்டன்ஸ் பை த பேயின் கண்ணாடிக் கூடாரங்கள், இந்தப் பக்கம் ஃப்ளையர் ராட்டினம். அந்த நேரத்தில் நீர்நாய்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டால் அன்றைய நாள் வேறு எதுவும் வேண்டாம். ஒருமுறை ஐந்தாறு குட்டிகளோடு மீனைக் கடித்தபடி பலகைக்குப் பக்கத்திலேயே போயின, நான் துடுப்பைத் தண்ணீரில் வைக்காமல் அப்படியே நின்றேன்.

குறைகளும் உண்டு. நிழல் என்று ஒன்று கிடையாது, பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். டிராகன் படகுக் குழுக்கள் பயிற்சிக்கு வருகிற வார இறுதிக் காலைகளில் அவர்கள் பாதையில் குறுக்கே நிற்காதீர்கள், அத்தனை பேர் உட்கார்ந்த படகைச் சட்டென்று நிறுத்த முடியாது. தேசிய தினம் நெருங்கும்போது ஒத்திகைக்காகத் தண்ணீரின் ஒரு பகுதியை மூடுவார்கள், ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக்குத் தருமுன் அடிப்படைப் பயிற்சி முடித்தீர்களா என்று கேட்கிற நிலையங்கள் உண்டு. அதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம், அந்த ஒரு பயிற்சி வகுப்புதான் நீங்கள் செலவழிக்கும் பணத்திலேயே உருப்படியானது. சொந்தமாகக் காற்றடைக்கும் பலகை வாங்கியவர்கள் நீர்த்தேக்கத்தில் நினைத்த இடத்தில் இறக்க முடியாது, அனுமதித்த இடத்தில்தான்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்களுக்குப் பத்தரை, பதினோரு அடி நீளம், 32 அங்குலத்துக்குக் குறையாத அகலம். போட்டிக்காரர்களின் 14 அடி ஒல்லிப் பலகை பார்க்க ஆசையாக இருக்கும், அதில் ஏறினால் நிற்கிற வேலையிலேயே நேரம் போய்விடும். துடுப்பின் இலைப்பகுதி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முதல் நாளில் முக்கால்வாசிப் பேர் அதைத் திருப்பித்தான் பிடிக்கிறார்கள், கரண்டி மாதிரி தண்ணீரை அள்ளுகிற எண்ணத்தில். பார்வை காலில் இருக்கக்கூடாது, தூரத்தில் இருக்கட்டும்.

சரி, செந்தோசா. சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று மூன்று கடற்கரைகள், முன்னால் சின்னச் சின்னத் தீவுத் திட்டுகளும் கல் அணைகளும் போட்டுச் செய்த காயல்கள். உள்ளே அலை குறைவு, தரை மணல், விழுந்தாலும் அடிபடாது. இரண்டு மூன்று முறை நீர்த்தேக்கத்தில் நின்று பழகியவர்கள் உப்புத் தண்ணீருக்கு வருவதற்கு இதைவிட நல்ல படி இல்லை. மூன்றில் எனக்குத் தஞ்சோங்தான் பிடிக்கும், கூட்டம் குறைவு. சிலோசோவில் வார இறுதியில் நீந்துகிறவர்கள் மேல் பலகை இடிக்காமல் போவதே ஒரு தனி வித்தை, வாடகைக்கு எடுப்பது மட்டும் அங்கே சுலபம். காயலின் வாயைத் தாண்டக்கூடாது, அதற்கு வெளியே கப்பல் போகிற கடல். 2024 ஜூனில் எண்ணெய் கசிந்து இந்தக் கரைகளெல்லாம் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இப்போது அந்தத் தண்ணீரில் மறுபடி பலகை போவதைப் பார்க்கும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். எனக்கு வந்தது.

தென்கரையில் ஒரு வாடகைக் கடையில் எங்களுக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், அவருக்கு அது இரண்டாவது முறை. கடைக்காரர் கொடுத்த பலகையில், அதைக் காலோடு பிணைக்கும் கயிறு இல்லை. கேட்டதற்கு, இங்கே ஆழமில்லை, தேவைப்படாது என்றார். நானும் பேசாமல் விட்டுவிட்டேன், அது என் தப்பு. கரையிலிருந்து அறுபது எழுபது மீட்டரில் அக்கா விழுந்தார், பலகை ஒரு பக்கம் வழுக்கிப் போனது, காற்று அதைத் தள்ளிக்கொண்டே போனது. லைஃப் ஜாக்கெட்டோடு அவர் நீந்த நீந்த பலகை இன்னும் தள்ளிப்போனது. நான் போய்ப் பிடித்து இழுத்துவருவதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. அதன்பிறகு அவர் பலகைமேல் ஏறவே ஆறு மாதம் ஆயிற்று. காற்றில் போகிற பலகையை நீந்திப் பிடிக்க யாராலும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதுதான் படகு, அதுதான் மிதவை, அதோடு நம்மைக் கட்டிவைப்பது அந்தக் கயிறு ஒன்றுதான். கயிறு இல்லை என்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை நடுத்தர ஆட்களுக்கு வைத்திருக்கிறேன். கடலைத் தூர்த்து உண்டாக்கிய கரை இது, கல் முனைகளுக்கு நடுவே பிறை பிறையாகக் குடாக்கள். முனைகளுக்குள் பழகலாம், வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நங்கூரமிட்ட கப்பல்கள், அவற்றுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிப்போகும் வேகப் படகுகள் கிளப்பிவிடும் குட்டை அலைகள். அலை ஒழுங்காக வராது, பக்கத்திலிருந்து வரும், கல்லில் மோதித் திரும்பியும் வரும். முட்டியை மடக்கி, ஒவ்வொரு அலைக்கும் துடுப்பை ஊன்றி நிற்கக் கற்றுக்கொள்ள இதுதான் பள்ளிக்கூடம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் பிற்பகல் காற்று தெற்கிலிருந்து கரையை நோக்கி அடிக்கும், கஷ்டம்தான், ஆனாலும் காற்று நம்மைக் கரைக்குத் தள்ளுகிறது என்பதால் பயம் குறைவு. முடித்துவிட்டு லகூன் உணவங்காடியில் சாத்தே சாப்பிடாமல் வீடு திரும்புவது எங்கள் குழுவில் வழக்கமில்லை.

பாசிர் ரிஸ் வடகிழக்கே, ஜொகூர் நீரிணைப் பக்கம். தென்கரையில் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே ஒதுக்கமாக இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வாடைக்காற்று நேராக வந்து அடிக்கும், அப்போது தெற்கே போய்விடலாம். வற்றத்தில் சேறு, அதில் திருக்கை கிடக்கும், கால் தரையில் படும் இடங்களில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றைவிட இங்கே நான் அஞ்சுவது மின்னலுக்கு. சிங்கப்பூர் என்ற இந்தச் சின்னத் தீவில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கும் மேல் இடி இடிக்கிறது. விரிந்த தண்ணீரின் நடுவே துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் அங்கே உயரமான பொருள். பிற்பகலில் மேகம் திரண்டால், முதல் உறுமல் கேட்கும் முன்பே கரையில் இருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும் புயல்மழை வரிசை இன்னொன்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். மேற்கே அடிவானத்தில் கருப்பாக ஒரு கோடு தெரிந்தால் அன்றைக்குத் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

லாசரஸ் தீவைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. மரினா சவுத் துறையிலிருந்து படகு பிடித்து செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி, இணைப்புப் பாதையில் நடந்தால் அந்தப் பிறைக் குடா. வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், சிங்கப்பூர்தானா என்று கேட்கத் தோன்றும். குடாவுக்குள் ஒரு மணி நேரப் பயிற்சி உள்ளவர்கூட ஆனந்தமாகச் சுற்றலாம். குடாவின் வாயைத் தாண்டிவிட்டால் அதே இடம் தேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியதாகிவிடும், நடுவில் படியே இல்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 3 மீட்டர் வரை வரும். அவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய சந்துகள் வழியாகத்தான் போய்வர வேண்டும். எங்கள் நாகப்பட்டினம் பக்கத்தில் மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், கட்டுமரத்தை இறக்குமுன் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தச் சொல்லின் எடை எனக்கு லாசரஸில்தான் புரிந்தது. ஒரு பாறைமுனையைச் சுற்றிவரலாம் என்று கிளம்பினோம், பத்து நிமிஷம் நன்றாகத் துடுப்பு போட்ட பிறகு பக்கத்தில் பார்த்தால் அதே பாறை, அதே மரம். கரையோரமாக ஒதுங்கி, முட்டி போட்டு, பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணிந்த இடம் பார்த்துப் பார்த்துத்தான் உள்ளே வந்தோம். கடைசிப் படகுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. இப்போதெல்லாம் ஏற்ற அட்டவணையைப் பார்க்காமல் அங்கே போவதில்லை, வெளியே போவதானால் தண்ணீர் நின்று திரும்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்.

புலாவ் உபின் பயணத்துக்கு அனுபவமும் வழி தெரிந்த ஆளும் இரண்டும் வேண்டும். சாங்கியிலிருந்து குறுக்கே போகும்போது ஆட்களை ஏற்றிப்போகும் பம்போட்டுப் படகுகளுக்கு வழிவிட வேண்டும், நடுவே நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும், அதனால் போகவேண்டிய இடத்துக்கு நேராக இல்லாமல், நீரோட்டம் வருகிற பக்கமாகக் கொஞ்சம் தள்ளியே குறிவைத்துப் போவோம். இழுக்கும் தண்ணீரில் கயிற்றைக் காலில் கட்டுவதைவிட இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகையைக் கட்டுவது நல்லது. கயிறு வேரிலோ கம்பத்திலோ சிக்கினால் காலை எட்டிப் பிடிக்க முடியாது. இவ்வளவையும் தாண்டி உபினுக்கும் கெத்தாம் தீவுக்கும் நடுவே ஒதுங்கி, ஏற்றம் நிறைகிற நேரத்தில் கண்டல் காட்டு ஓடைக்குள் நுழைந்தால் சத்தமெல்லாம் நின்றுவிடும், துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்கும், வேர்களுக்குள்ளிருந்து மீன்கொத்தி பறக்கும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி முன்னால் நுழைவோம், உச்சி தாண்டி அரை மணியில் வெளியே வந்துவிடுவோம். தாமதித்தால் பலகையைச் சேற்றில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மரினாவில் ஆரம்பித்து இங்கே வந்துசேர எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த அக்கா அடுத்த மாதம் எங்களோடு இங்கே வருகிறார்.